வயல் நடுவே நின்றுவிட்ட வண்டி

தை மாதத்துக் காலையில் தஞ்சைத் தரணியின் சிற்றூர்களைக் கடந்து செல்பவரின் காதில் முதலில் விழுவது இந்நாளில் கதிர் அரிவாளின் ஓசையன்று. அறுவடை வண்டியின் இரைச்சலே. திருவையாறு முதல் வேதாரணியம் வரை சம்பா முற்றிச் சாய்ந்து நிற்கும் வேளையில், சேலம், பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இவ்வண்டிகள் வந்து இறங்குகின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, இரவு பகலாக ஓடி, மாசி முடிவதற்குள் திரும்பிவிடுகின்றன. நம் பங்கு மக்களில் சிலரும் கடன்பட்டு இத்தகைய வண்டிகளைச் சொந்தமாக வாங்கி ஓட்டி வருகின்றனர். பெரும்பாலும் அவை பிறர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டிகள்.

அவ்வண்டிகளுள் ஒன்று வயல் நடுவே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். குடும்ப இதழில் எண்ணெயும் இரும்பும் எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். அந்த வண்டி ஓடினால்தான் அவ்வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டப்படும், அடகிலிருக்கும் நகை திரும்பும் என்னும்போது, இது குடும்பச் செய்தியே அன்றோ?

நேரத்தின் அருமை

முற்றிய நெல் காத்திருப்பதில்லை. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவையும் தாளடியையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நீரில் சாய்த்ததை நாம் மறந்திருக்க முடியாது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. சில ஆண்டுகளில் தளர்வு கிடைப்பதுண்டு என்றாலும், அதனை நம்பி எவரும் நெல்லை வயலில் விட்டுவைப்பதில்லை. ஒரு நாள் தாமதம் ஒரு போகத்தின் உழைப்பையே விழுங்கிவிடும்.

நம் காவிரிப் படுகையின் களிமண்ணில் டயர் வண்டிகள் புதைந்துவிடுகின்றன. ஆகவே, அகன்ற இரப்பர்ப் பட்டைகளின் மேல் ஊர்ந்து செல்லும் ‘பெல்ட்’ வண்டிகளையே ஈர வயல்களில் இறக்குகிறார்கள். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றை நகர்த்துவது எண்ணெயின் அழுத்தம். ஓட்டுநர்கள் அதனை ‘எச்.எஸ்.டி.’ என்றே வழங்குகின்றனர்.

ஒரு தை மாதத்து மாலை

பூண்டி மாதா திருத்தலத்திற்குச் சில கல் தொலைவிலுள்ள ஓர் ஊரிலிருந்து, சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். டிராக்டர்ப் பட்டறையில் நெடுங்காலம் கையை எண்ணெயில் நனைத்தவன் நான் என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“மாமா, காலையில் வண்டி சிங்கம் போல ஓடுகிறது. பதினொரு மணிக்கு மேல் வரப்பு ஏற மாட்டேன் என்கிறது. மூன்று மணிக்கெல்லாம் சமவெளியிலேயே நின்றுவிடுகிறது. பம்பும் மோட்டாரும் போய்விட்டன, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும், இலட்சத்தைத் தாண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் தாலிச் சங்கிலி ஒன்றுதான் மிச்சம்” என்றார்.

“தம்பி, எண்ணெயை எடுத்துப் பார்த்தார்களா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. ஓட்டிப் பார்த்தார்கள், சொல்லிவிட்டார்கள்.”

மறுநாள் விடியலில் அவ்வயலுக்குச் சென்றேன். அங்கே கண்டதைச் சொல்லுமுன், இந்த ஏற்பாடு இயங்கும் விதத்தை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

பாஸ்கல் கண்ட உண்மை

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்னும் விதியைத் தெளிவுபடுத்தியவர் பிரான்சு நாட்டுப் பிளேஸ் பாஸ்கல். 1623-ஆம் ஆண்டு பிறந்து, 39-ஆம் வயதிலேயே 1662-இல் மறைந்தவர். நீர்மங்களின் சமநிலை பற்றிய அவரது நூல் அவர் இறந்த மறு ஆண்டில் வெளிவந்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறு முசலத்தைப் பத்துக் கிலோ எடையால் அழுத்தினால், அதனோடு எண்ணெயால் இணைந்த நூறு சதுர சென்டிமீட்டர் முசலம் ஆயிரம் கிலோவைத் தூக்கும். ஆனால் சிறியது நூறு அங்குலம் நகர்ந்தால்தான் பெரியது ஓர் அங்குலம் உயரும். இவ்வுலகில் இலவசமாய்க் கிடைப்பது எதுவுமில்லை என்பதை எண்ணெயும் நமக்குக் கற்பிக்கிறது.

அதே பாஸ்கல்தான் 1654 நவம்பர் 23-ஆம் நாள் இரவு தாம் பெற்ற இறை அனுபவத்தை ஏட்டில் எழுதித் தம் மேலாடையின் உட்புறம் தைத்து வைத்திருந்தவர். அவர் இறந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. அவர் பிறந்து 400 ஆண்டுகள் நிறைந்த 2023 ஜூன் 19-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் தனித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். அறிவியலும் விசுவாசமும் ஒருவர் நெஞ்சில் உடன் வாழக்கூடும் என்பதற்கு நல்லதொரு சான்று அவர்.

எண்ணெய் வண்டியை நகர்த்தும் விதம்

டிராக்டரில் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் ஏற்பாட்டை நம் உழவர்கள் நன்கறிவர். அங்கே எண்ணெய் தூக்க மட்டுமே செய்கிறது. வண்டியை ஓட்டுவது கிளட்சும் கியரும். அறுவடை வண்டியிலோ, இஞ்சின் ஒரு பெல்ட் வழியாக எண்ணெய் பம்பைச் சுழற்றுகிறது. பம்பினுள் வட்டமாக அடுக்கிய சிறு முசலங்கள் ஒரு சாய்தட்டின் மீது உருண்டு வருகின்றன. தட்டு நேராக நின்றால் முசலங்கள் உள்ளும் புறமும் அசைவதில்லை, எண்ணெய் பாய்வதில்லை, வண்டி நிற்கிறது. ஓட்டுநர் லீவரை முன்னே தள்ளத் தள்ளத் தட்டு சாய்கிறது, எண்ணெய் மிகுதியாகப் பாய்கிறது. எதிரே இருக்கும் எண்ணெய் மோட்டார் அதனால் சுழன்று, கியர்ப் பெட்டி வழியே பட்டைகளை உருட்டுகிறது. லீவரைப் பின்னே இழுத்தால் எண்ணெய் எதிர்த்திசையில் பாய்ந்து வண்டி பின்னோக்கிச் செல்கிறது.

இச்சுற்றில் கசிந்து குறையும் எண்ணெயை ஈடுசெய்ய ஒரு சிறு பம்பும், அளவுமீறிய அழுத்தத்தை வெளியேற்றும் வால்வுகளும், வடிகட்டியும், சூடு தணிக்கும் குளிரூட்டியும் உண்டு. காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 பவுண்டு. இங்கே சுமையேறிய நிலையில் எண்ணெயின் அழுத்தம் 3,000 பவுண்டையும் தாண்டும். அத்தனை அழுத்தத்தைத் தாங்கி நிற்பது, தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்கே இடைவெளி விட்டு உரசும் உலோக முகங்கள். ஆகவே தூசும் நீரும் காற்றும் இதற்கு முதற் பகைவர்கள்.

அமெரிக்காவில் வாழும் நம் உறவினர் சிலர் வீட்டு முற்றத்துப் புல்லை வெட்ட ஏறி அமர்ந்து ஓட்டும் சிறு வண்டியிலும் பல வேளைகளில் இதே ஏற்பாடே இருக்கிறது. அளவு சிறியது, நோய்கள் ஒன்றே.

செலவற்ற சோதனை முதலில்

பழைய வண்டிக்கு மருத்துவம் பார்ப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி ஒன்றுண்டு. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடிக்க வேண்டும். செலவு வைப்பவை அதன் பிறகே. எந்தப் பகுதியைத் தொடுமுன்னும் இஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எண்ணெய். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து அளவு பார்க்க வேண்டும். பின்பு சிறிது எண்ணெயை வெள்ளைத் தாளில் விட்டு நிறம் பார்க்க வேண்டும். பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. மழைக்காலம் முழுதும் திறந்த வெளியில் நின்ற வண்டிகளில் இது மிகுதி. நுரைத்திருந்தால் காற்று கலக்கிறது. கறுத்துக் கருகிய நாற்றம் வீசினால் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. தாளில் பொன்துகள் போல் மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது என்று பொருள்; அப்போது தயங்காமல் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, பெல்ட். பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்தோ, ஓரங்கள் கண்ணாடி போல் பளபளத்தோ இருந்தால், சுமை ஏறியதும் நழுவும். சிறிது ஓட்டிவிட்டு நிறுத்தினால், கப்பியருகே இரப்பர் கருகிய வாடையே உண்மையைச் சொல்லிவிடும். பெல்ட்டை இறுக்கும் கப்பியின் சுருள்வில்லையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, குளிரூட்டியும் விசிறியும். வைக்கோல் தூசும் பதரும் தகடுகளின் இடையே கம்பளி போல் படிந்துவிடும். வெளியிலிருந்து நோக்குபவருக்கு ஒன்றும் தெரியாது. விளக்கை மறுபுறம் பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவாது.

நான்காவது, லீவரின் இணைப்புக் கம்பிகள். ஆணி கழன்றிருந்தால் லீவர் முழுதும் நகர்ந்தாலும் சாய்தட்டு பாதியே நகரும். பட்டறையில் பம்பைக் கழற்றிய பிறகு, குறை ஒரு சிறு ஆணியில்தான் என்று கண்டவர்கள் உண்டு.

அறிகுறியும் காரணமும்

லீவரைத் தள்ளியதும் இஞ்சின் திணறி அணையப் பார்க்கிறதா? அப்படியானால் எண்ணெய் இயக்கம் தன் வேலையைச் செய்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், பட்டைகளின் இடையே சேறு காய்ந்து இறுகியிருக்கலாம். குறையை அங்கே தேட வேண்டும். இஞ்சின் சிறிதும் திணறாமல் வண்டி மட்டும் நிற்கிறதா? பெல்ட் நழுவுகிறது, அன்றேல் எண்ணெய் உள்ளேயே கசிந்து வீணாகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முன்னும் பின்னும் அறவே நகராத வண்டியில், துணைக் கியர் நடுநிலையில் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புல்வெட்டும் சிறு வண்டிகளில், தள்ளிச் செல்வதற்காக எண்ணெயைச் சுற்றுவழியில் விடும் ஒரு கம்பி பின்புறம் இருக்கும். அதனை இழுத்துவிட்டு மறந்துபோய், வண்டி கெட்டுவிட்டதென்று வருந்துபவர் பலர்.

ஒரு திசையில் ஓடி மறு திசையில் வலுவிழந்தால், அத்திசைக்குரிய வால்வில் தூசு சிக்கியிருக்கக்கூடும். இருபுற வால்வுகளும் ஒரே அளவினவாய் உள்ள வண்டிகளில், அவற்றை இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். குறையும் திசை மாறினால் குற்றவாளி வால்வே. பம்பின் மேல் பழி சுமத்த வேண்டியதில்லை.

இரைச்சலும் வெட்டி வெட்டி ஓடுவதும் காற்றின் வேலை. எண்ணெயை உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அதில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். சொட்டு விழவில்லை என்பதால் குழாய் நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. குழாயையும் வளையத்தையும் மாற்றி, எண்ணெயை நிறைத்து, மெதுவான ஓட்டத்தில் லீவரைச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் பலமுறை அசைத்தால் தங்கிய காற்று வெளியேறும். அதன் பின் எண்ணெய் அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.

லீவர் நடுநிலையில் இருக்கும்போதும் வண்டி மெல்ல ஊர்ந்தால், அதனைச் சிறு குறையென்று விட்டுவிடலாகாது. இணைப்புக் கம்பியைச் சரிசெய்யும் வரை அவ்வண்டியின் முன்னே எவரும் நிற்கக் கூடாது.

காலையில் ஓடி, வெயில் ஏற ஏறத் தளர்வதே பழைய வண்டிகளில் மிகுதியாகக் காணும் நோய். சூடேறிய எண்ணெய் இளகி, தேய்ந்த முகங்களின் இடையே எளிதில் கசிகிறது. இதற்குத் தேய்மானமே காரணமாக இருக்கலாம். ஆயினும் அடைபட்ட குளிரூட்டி, அடைபட்ட வடிகட்டி, பொருந்தாத எண்ணெய், நழுவும் பெல்ட் ஆகிய நான்கும் இதே அறிகுறியைத் தரும். நான்கையும் நீக்கிய பிறகும் நோய் நின்றால்தான் தேய்மானம் என்று தீர்ப்புச் சொல்லலாம்.

அவ்வயலில் கண்டது

அந்த இளைஞரின் வண்டியில் எண்ணெய் சற்றுக் கறுத்திருந்தது. ஆனால் வெளுக்கவுமில்லை, மின்னவுமில்லை. பெல்ட்டின் ஓரங்கள் பளபளத்தன. குளிரூட்டியின் மறுபுறம் விளக்கைப் பிடித்தேன், ஒளி வரவில்லை. வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதற்குக் குறிப்பே இல்லை. வண்டியை விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவுமில்லை.

குளிரூட்டியை உள்ளிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துத் தூய்மை செய்தோம். பெல்ட், வடிகட்டி, கைந்நூலில் குறித்த தரத்து எண்ணெய் மூன்றையும் மாற்றினோம். வடிகட்டி மாற்றுமிடத்தைத் துடைத்த துணிகூடப் பஞ்சு உதிராத துணியாயிருக்க வேண்டுமென்று நான் வற்புறுத்தியபோது இளைஞர் சிரித்தார். ஆனால் துணியை மாற்றிக்கொண்டார். செலவு சில ஆயிரங்கள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி வரப்பு ஏறியது. முன்போல் சிங்கமாக ஏறியது என்று எழுத ஆசைதான், அது உண்மையாகாது. சிறு தளர்ச்சி இருந்தது. தேய்மானமும் ஓரளவு உண்டு என்பதை அது காட்டிற்று. “சுமையைக் குறைத்து, தாழ்ந்த கியரில் ஓட்டு. நண்பகலில் ஒரு மணி நேரம் ஓய்வு கொடு. பருவம் முடிந்ததும் பிரித்துப் பார்க்கலாம்” என்றேன். அவ்வாறே அவர் அந்தப் பருவத்தை ஓட்டி முடித்தார். சித்திரையில் பிரித்தபோது, பம்பின் உரசு முகங்கள் மட்டுமே தேய்ந்திருந்தன. அப்பகுதியை மட்டும் மாற்றினால் போதுமாயிற்று. தாலிச் சங்கிலி வீட்டிலேயே இருந்தது.

பட்டறையில் சொன்னது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. பார்க்காமல் சொன்னதே குற்றம். ஏழையின் பொருளைத் தன் பொருள்போல் கருதிப் பார்க்கும் கண் தொழிலாளிக்கு வேண்டும். நேர்மையான பழுது பார்ப்பும் ஒரு பிறரன்புப் பணியே.

உயிருக்கு உலைவைக்கும் தவறுகள்

மூன்று எச்சரிக்கைகளை ஒவ்வோர் ஓட்டுநரின் மனைவியும் தாயும் கூட அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று, கதிர் வெட்டும் முன்பகுதியைத் தூக்கி வைத்து, பூட்டுக் கட்டையைப் போடாமல் அதன் அடியில் நுழையலாகாது. தூக்கி நிறுத்துவது எண்ணெய். குழாய் வெடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். இரண்டு, கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாயிருக்கும். ஆயினும் உள்ளே தசை அழுகிக் கையையே இழக்க நேரிடும். அட்டைத் துண்டைப் பிடித்துத் தேட வேண்டும். எண்ணெய் உட்புகுந்ததாக ஐயம் எழுந்தாலே அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூன்று, இஞ்சின் ஓடும்போது வைக்கோல் அடைப்பை எடுக்கக் கையை நீட்டலாகாது. அவசரத்தில் இழந்த விரல் அடுத்த அறுவடைக்குத் திரும்பி வருவதில்லை.

களத்தில் மறந்துவிடக் கூடாதவர்கள்

இவ்வண்டி வருமுன் அறுவடை எத்தனையோ கைகளின் வேலையாயிருந்தது. கூலியாக நெல் பெற்ற குடும்பங்கள் இன்று வேறு வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகின்றன. ஆள் கிடைக்காததால் வண்டி வந்ததா, வண்டி வந்ததால் ஆள் போனாரா என்று வழக்காடுவதில் பயனில்லை, இரண்டும் நிகழ்ந்தன. 1981-ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட சுற்றுமடல், இயந்திரம் மனிதனுக்குத் துணையாகவும் இருக்கக்கூடும், சில வேளைகளில் எதிரியாகவும் மாறக்கூடும் என்று எடுத்துரைத்தது. எது நேரும் என்பது அதனை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது.

வண்டி வைத்திருப்போர் சிறு உழவரின் அரை ஏக்கரையும் மறுக்காமல் அறுக்கலாம். மழை மிரட்டும் நாளில் வாடகையை ஏற்றாதிருக்கலாம். வரப்போரத்தில் வண்டி விட்டுச் சென்ற கதிர்களை ஊரின் வறியோர் பொறுக்கிக்கொள்ள விடலாம். ரூத்து என்னும் பெண் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்ததை நாம் ஞாயிறுதோறும் நினைப்பதில்லை என்றாலும், அறுவடை நாளில் நினைக்கலாம்.

இப்போதெல்லாம் அந்த இளைஞர் தம் வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி மாற்றிய மணிக்கணக்கு, குளிரூட்டி துடைத்த வேளை எல்லாம் அதில் குறிக்கப்படுகின்றன. சென்ற பொங்கலன்று புதுக் கதிர்க் கட்டொன்றைப் பீடத்தில் காணிக்கையாக வைத்துவிட்டு, கோயில் வாயிலில் என்னைக் கண்டார். “மாமா, இன்று காலையும் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்” என்றார்.

“ஒளி வந்ததா?” என்றேன்.

“வந்தது மாமா” என்றார்.